தழும்பில்லாத ஊர்

உப்போடைப்பட்டியில் சண்முகக்கனி ஜூஸ் கடை போட்ட வருஷம் மழை சரியாகப் பெய்யவில்லை, கம்மாயில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் நின்றது, ஆடுகள் வேலிக்கருவை நெற்றைத் தின்று இருமின, இதெல்லாம் ஊருக்குப் புதிதல்ல. புதிதாக நடந்தது ஒன்றே ஒன்றுதான், அந்தக் கடையில் இருபத்தொரு நாள் விடாமல் ஜூஸ் குடித்தவர்கள் உடம்பில் இருந்த தழும்பெல்லாம் மறைந்துபோனது, தழும்போடு சேர்ந்து அந்தத் தழும்பு வந்த கதையும் அவர்கள் நெஞ்சிலிருந்து மறைந்துபோனது.

முதலில் மறைந்தது சண்முகக்கனியின் கழுத்துத் தழும்பு. நாலு வருஷத்துக்கு முன்னால் சித்திரை மாதத்தில், ஊருக்கு மேற்கே இருக்கிற ஃபயர் ஆபீஸில், பட்டாசுக் கம்பெனியை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், ஐந்தாம் நம்பர் ரூம் வெடித்தபோது வந்த தழும்பு அது. காதுக்குக் கீழே தொடங்கித் தோள்வரைக்கும் உருகின மெழுகு மாதிரி இறங்கியிருக்கும். பெரியாஸ்பத்திரியில் களிம்பு வாங்கக் காத்திருந்த ஒரு காலையில், பெஞ்சில் கிடந்த பழைய வாரப் பத்திரிகையில், தோல் மினுமினுக்கக் கேரட்டும் பீட்ரூட்டும் தக்காளியும் நெல்லிக்காயும் அடித்து இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துக் குடியுங்கள் என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு வந்து, அவள் அதே மாதிரி தினமும் அடித்துக் குடித்தாள். களிம்பால் ஆகாதது காய்கறியால் ஆகுமா என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். இருபத்தொன்றாம் நாள் காலையில் பக்கத்து வீட்டு வேலுத்தாய் குழாயடியில் அவளைப் பார்த்தபோது, அந்தக் கழுத்து பிறந்த பிள்ளையின் கழுத்து மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"கனி, உன் கழுத்து!"

"கழுத்துக்கு என்னக்கா?" என்று தடவிப் பார்த்தாள் சண்முகக்கனி. "அது கிடக்கட்டும். எங்க வீட்டுச் சுவர்ல யாரோ ஒரு ஆளு படத்துக்கு மாலை போட்டு மாட்டியிருக்கு. யாருக்கா அது? நீ எதுவும் மாட்டுனியா?"

படத்தில் இருந்தது அவள் புருஷன் சோலையப்பன். ஒன்பது வருஷம் அவளோடு வாழ்ந்து, ஐந்தாம் நம்பர் ரூமில் செத்துப்போனவன். கதையை மட்டும் தனியாகப் பிடுங்க முடியாது போலிருக்கிறது, அதோடு பின்னிக்கிடந்த ஆளும் வேரோடு வந்துவிடுகிறார். வேலுத்தாய் குடத்தை அப்படியே வைத்துவிட்டு நின்றாள். சண்முகக்கனி படத்தைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, யார் வீட்டுப் பிள்ளையோ, தேடி வந்தால் கொடுத்துவிடலாம் என்று சேலைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்தாள். அந்த மாதமே பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜையும் மிக்ஸியும் போட்டு, 'தோல் பளபளக்க, முகம் தெளிய' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மழை வந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பட்டாசு மருந்துப் பொடியில் உட்கார்ந்து உட்கார்ந்து கையும் முகமும் ஈயப் பாத்திரம் மாதிரி மங்கிப்போன பொம்பளைகள் முதலில் வந்தார்கள், அப்புறம் கல்யாணத்துக்கு இருக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மாக்கள் வந்தார்கள், அப்புறம் ஆம்பளைகள், வெயிலுக்கு நல்லது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். மச்சங்கள் சும்மா போயின, மச்சத்துக்கு ஏது கதை. நாய்க்கடித் தழும்பு போன ஒரு தபால்காரர் அதே நாயின் தலையைத் தடவப் போய் மறுபடியும் கடி வாங்கினார். முழங்கால் சிராய்ப்பு மறைந்த பையன்கள் அதே திருப்பத்தில் அதே மாதிரி சைக்கிளிலிருந்து விழுந்தார்கள். வயிற்று வரி மறைந்த ஒருத்தி தன் மகனைப் பார்த்து, நீ எப்போதப்பா இம்புட்டு உசரம் வளர்ந்தாய் என்று மரியாதையாகக் கேட்டாள், அவனும் பழகிக்கொண்டான். புருஷன் அடித்து நெற்றியில் தழும்பு வாங்கியவள் அவனுக்கு ஆசையாக மீன் குழம்பு வைத்தாள், அவன் முதல் வாய் சோற்றை விழுங்க முடியாமல் எழுந்து போனான். இப்படிச் சின்னச் சின்னச் சங்கடங்கள் இருந்தன. ஆனாலும் ஊர் அழகாக இருந்தது. வெளியூரிலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள், உங்க ஊர்த் தண்ணி வாகா என்று கேட்டார்கள்.

வேலுத்தாய் மட்டும் குடிக்கவில்லை.

அவளுக்கு வயது முப்பத்துமூன்று. வெடித்த அன்றைக்கு ஐந்தாம் நம்பர் ரூமில் அவளும் இருந்தாள். நாலு பேர் மட்டும் உட்கார வேண்டிய ரூமில் பதினோரு பேர் உட்கார்ந்து திரி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆபீசர் சோதனைக்கு வருகிறார் என்று போன் வந்ததும், கூடுதல் ஆள் கண்ணில் படக்கூடாதென்று போர்மேன் வெளியே பூட்டைப் போட்டுவிட்டுப் போனார். ஆபீசர் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது வெடித்தது. பின்சுவர் இடிந்த வழியாக வேலுத்தாய், சண்முகக்கனி, பூரணம், இன்னொருத்தி என்று நாலு பேர் உயிரோடு வந்தார்கள், ஏழு பேர் வரவில்லை. வராத ஏழு பேரில் ஒருத்தி வேலுத்தாயின் தங்கை செண்பகம், பத்தொன்பது வயது. வேலுத்தாய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தாள். பாதியில் அந்தக் கை நழுவிவிட்டது. தோளிலிருந்து மணிக்கட்டுவரைக்கும் வலது கையில் வேலுத்தாய்க்கு அந்தத் தழும்பு இருந்தது.

அதற்குப் பிறகு அவள் கம்பெனிக்குப் போகவில்லை. உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை கிடைத்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுத வேண்டும், ஆளுக்கு இரண்டு. பொம்பளைப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மச்சமோ தழும்போ பார்த்துச் சொல்வது வேலுத்தாயின் பொறுப்பு. அந்த வருஷம் முப்பத்தாறு பிள்ளைகளைப் பார்த்தாள், ஒரு பிள்ளை உடம்பிலும் ஒரு புள்ளிகூட இல்லை. கிளார்க் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்னம்மா, ஒண்ணும் இல்லையா? அப்ப இந்தப் பிள்ளை இந்தப் பிள்ளைதான்னு எத வச்சுக் கண்டுபிடிக்க?"

முப்பத்தாறு முகங்களும் கழுவி வைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி வரிசையாக நின்றன.

சித்திரை மாதம் அந்தத் தேதி வரும்போதெல்லாம் கம்பெனி கேட்டுக்கு முன்னால் ஏழு விளக்கு ஏற்றுவார்கள். ஊரே திரண்டு வரும், அன்றைக்குத் தீயை அணைக்க ஓடிப்போய்ப் பொறி பட்டுத் தழும்பு வாங்காத ஆள் ஊரில் இல்லை. இந்த வருஷம் வேலுத்தாயும் அவள் அம்மா குருவம்மாளும் மட்டும்தான் வந்தார்கள். வழியில் போன பொம்பளைகள் நின்று, என்ன சாமிக்கு ஏத்துறீக என்று கேட்டுவிட்டு, தாங்களும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். அதில் மூன்று பேர் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள்.

குருவம்மாளுக்கு இரண்டு உள்ளங்கையும் வெந்திருந்தன. வெடிச்சத்தம் கேட்டுக் காட்டிலிருந்து ஓடிவந்தவள், தகரக் கதவு பழுக்கக் காய்ந்துகிடந்ததைப் பார்க்காமல் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பூட்டு இருந்ததால் கதவு வரவில்லை, கையின் தோல்தான் கதவோடு போனது. ஆறின பிறகும் விரல்கள் மடங்கவில்லை, சோறு பிசைய முடியாது, தலை சீவ முடியாது, வேலுத்தாய்தான் ஊட்டிவிட வேண்டும். ஊட்டும்போதே திடீரென்று, "கதவு சுடுதுடி, கதவு சுடுது" என்று கையை உதறுவாள். நாலு வருஷமாக நல்ல தூக்கம் கிடையாது.

வைகாசியில் ஒரு மத்தியானம், தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் குருவம்மாள் கேட்டாள்:

"எல்லாரும் கை நல்லாயி வாசல்ல கோலம் போடுறாளுக. எனக்கு மட்டும் என்னத்துக்கு அந்த ஜூஸத் தர மாட்டேங்கிற? கனிகிட்டக் கேட்டா, ஒங்க மக குடுக்கக் கூடாதுன்னுட்டான்னு சொல்றா."

"குடிச்சா செண்பகத்த மறந்துருவம்மா."

வெளியே யாரோ கோழியை விரட்டிக்கொண்டு போனார்கள்.

"மறந்துருவேனா?" என்று கேட்டாள். அது பயமா ஆசையா என்று வேலுத்தாய்க்குப் பிடிபடவில்லை.

"ஆமாம்மா. இருந்தாங்கிறதே தெரியாது."

"நீ ஞாபகம் வச்சிருப்பல்ல?"

வேலுத்தாய் அம்மாவின் கைகளைப் பார்த்தாள். "வச்சிருப்பேன்."

"அப்ப குடு" என்றாள் குருவம்மாள். "நான் சுமந்தது போதும்டி. எரியுது."

இருபத்தொரு நாளும் வேலுத்தாய் தானே போய் வாங்கிவந்து தானே ஊட்டினாள். ஒவ்வொரு நாளும் டம்ளரைக் கொடுப்பதற்கு முன்னால் செண்பகத்தைப் பற்றி ஒன்று கேட்பாள், அம்மா சொல்வாள், வேலுத்தாய் அதை வாங்கி மனசுக்குள் வைத்துக்கொள்வாள். செண்பகத்துக்கு முதல் பல் எப்போது முளைத்தது, எந்தப் பாட்டைப் பாடினால் தூங்குவாள், தேளைப் பார்த்துப் பூச்சி என்று கையில் எடுத்தது, பழைய சோற்றில் வெங்காயம் இல்லாவிட்டால் எப்படி முறைப்பாள். பதினெட்டாம் நாள் கேட்டபோது அம்மா யோசித்து யோசித்து, "அவ ரொம்ப வாயாடி" என்று மட்டும் சொன்னாள். இருபதாம் நாள் கேட்டபோது, "யாரு?" என்றாள்.

இருபத்தொன்றாம் நாள் காலையில் குருவம்மாள் எழுந்து விரல்களை மடக்கினாள், விரித்தாள், சிரித்தாள், செப்புக்குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள், வாசல் தெளித்துப் பதினைந்து புள்ளியில் கோலம் போட்டாள். உள்ளே வந்து சுவரில் இருந்த செண்பகத்தின் படத்தைப் பார்த்து நின்றாள்.

"லட்சணமா இருக்காளே, யாரு வீட்டுப் பிள்ள?"

"எங்கூட வேல பாத்த பிள்ளம்மா."

"மாலையெல்லாம் போட்டிருக்கு. அடப் பாவமே" என்று கன்னத்தில் கைவைத்தாள் குருவம்மாள். அந்தக் கை மல்லிகை மொட்டு மாதிரி இருந்தது. வேலுத்தாய் கொல்லைக்குப் போய், துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

வழக்கு ஆவணியில் வருவதாக இருந்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டிய சாட்சிகள் உயிரோடு வந்த நாலு பேரும், பூட்டின போர்மேனும். அந்த மனிதர் பூட்டைத் திறக்க ஓடிவந்து, சாவியைப் போடும்போது விரல் வெந்தவர். அன்றைக்கே போலீசில் அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். இப்போது அவரும் ஜூஸ் குடித்துவிட்டார். விரல் சுத்தமாக இருந்தது, மனசும் சுத்தமாக இருந்தது, பேரன்களுக்குப் பட்டம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனி மாதத்திலிருந்து சண்முகக்கனியின் கடைக்கு வாரம் இரண்டு தடவை மினி லாரியில் கேரட்டும் பீட்ரூட்டும் வந்து இறங்கின. யார் அனுப்புகிறார்கள் என்று அவள் கேட்டதற்கு, டிரைவர், முதலாளி அனுப்பச் சொன்னார், ஊர் நல்லா இருக்கணும்ல என்றான்.

கம்பெனி முதலாளி வெயிலுமுத்து ஆடி மாதம் ஒரு சாயங்காலம் தனியாக வேலுத்தாய் வீட்டுக்கு வந்தார். கையில் எவர்சில்வர் சொம்பு. குருவம்மாள் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க அண்ணாச்சி, வெயில்ல வந்திருக்கீக, மோர் கொண்டாரேன்" என்று உள்ளே போனாள். வெயிலுமுத்து அவள் போன திசையையே பார்த்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"ஒங்க அம்மா எனக்கு மோர் குடுக்கா" என்றார்.

வேலுத்தாய் அவர் கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள்.

"போன வாரம் பூரணம் மகளுக்குச் சடங்கு. என்னைய முன்னால உக்கார வச்சுச் சந்தனம் பூசுனாக. பூரணம் எங்காலத் தொட்டுக் கும்பிட்டா. அவ தம்பிய நான் பூட்டி வச்சுக் கொன்னேன் தாயி."

ஊர் மறந்த பிறகு அந்த வார்த்தையை இன்னொரு வாய் சொல்லி வேலுத்தாய் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்னவர் மேல் வெறுப்பு பொங்கியது, அதே நேரத்தில், நடந்தது நடந்ததுதான், நான் பைத்தியமில்லை என்று உள்ளே ஏதோ ஒன்று மூச்சுவிட்டது.

"நீங்களும் குடிச்சுத் தொலைய வேண்டியதுதான?" என்றாள்.

"நாப்பத்திரண்டு நாள் குடிச்சுட்டேன். எனக்கு எங்கயும் தழும்பு இல்லையே தாயி, எது மறையும்? நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல. போன்லதான் சொன்னேன், பூட்டுங்கன்னு." சொம்பை அவள் பக்கமாக நகர்த்தினார். "இப்ப ஊர்ல தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தான். நீயும் குடிச்சிட்டயின்னா நான் ஒருத்தன்தான். ஒருத்தனுக்கு மட்டும் தெரிஞ்சது கனா மாதிரிதான? அப்படியொண்ணு நடக்கவே இல்லைன்னு நம்பிக்கிருவேன்."

"இப்ப எங்கிட்டச் சொன்னீகளே, அத அப்படியே கோர்ட்டுல சொல்லுங்க."

"அம்புட்டுத் தைரியம் இருந்தா நான் கேரட்டா அனுப்பிக்கிட்டிருப்பேன்?"

குருவம்மாள் மோரோடு வந்தாள். அவர் வாங்கி, ஒரு வாய் குடித்து, டம்ளரை வைத்துவிட்டுப் போனார். சொம்பையும் மறந்துவிட்டுப் போனார். வேலுத்தாய் அதை வாய்க்காலில் கவிழ்த்தாள். தண்ணீர் கொஞ்ச தூரம் சிவப்பாக ஓடியது.

கோர்ட்டில் ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. பூரணம் கூண்டில் ஏறி, நான் அந்தக் கம்பெனியில வேல பாத்தேன், அங்க எல்லாரும் நல்ல மாதிரி என்றாள். சண்முகக்கனி, எனக்குக் கல்யாணமே ஆகலையே ஐயா என்றாள். போர்மேன் நெஞ்சில் கைவைத்து, நான் ஒரு நாளும் யாரையும் பூட்டினதில்ல என்று கண்கலங்கினார். ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டில் கழுத்து, விரல், முதுகு என்று எழுதியிருந்த இடங்களை நீதிபதி காட்டச் சொன்னார், எல்லாம் வழுவழுவென்று இருந்தன. இந்தக் காகிதத்தில் இருக்கிறவர்கள் வேறு, இங்கே நிற்கிறவர்கள் வேறு என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னார், பார்க்கப்போனால் அதுவும் பொய்யில்லை. வேலுத்தாய் மட்டும் முக்கால் மணி நேரம் பேசினாள். சேலையை ஒதுக்கிக் கையைக் காட்டினாள். அடுப்பில் சேலை பிடித்தாலும் இப்படித்தானே வரும் என்று வக்கீல் கேட்டார். கடைசியாக நீதிபதி வெயிலுமுத்தைப் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். அவர் எழுந்து நின்றார். வேலுத்தாயைப் பார்த்தார். வாய் திறந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் வேலுத்தாய் தன்னையறியாமல் கைகூப்பிவிட்டாள்.

"ஒண்ணுமில்லைங்க ஐயா" என்று உட்கார்ந்தார்.

வழக்கு தள்ளுபடியாகி எல்லாரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்கள். பூரணம் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து வேலுத்தாய்க்கும் கொடுத்தாள். "நீ சொன்னதக் கேட்டு எனக்கு நெஞ்சே வெடிச்சுப்போச்சு வேலுத்தாயி. இதெல்லாம் எந்த ஊர்ல நடந்துச்சு?" என்று கேட்டாள்.

தீபாவளி ஆர்டருக்காக இடிந்த இடத்தில் புது ரூம் கட்டினார்கள். அதற்கும் ஐந்து என்றே நம்பர் போட்டார்கள், நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் வேறு என்ன போடுவது. சம்பளம் நல்ல சம்பளம், பயப்படுவதற்கு யாரிடமும் எதுவும் இல்லை, ஊர்ப் பொம்பளைகள் அடித்துப்பிடித்துக்கொண்டு பேர் கொடுத்தார்கள். நாலு பேர் ரூமில் மறுபடியும் பதினோரு பேர் உட்கார்ந்தார்கள். பூரணத்தின் மகள், பத்தாம் வகுப்பை நிறுத்திவிட்டு, சுவரோரமாகச் செண்பகம் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

இதைக் கேள்விப்பட்ட அன்றைக்கே வேலுத்தாய் பள்ளிக்கூடத்தில் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு நடந்தாள். கம்பெனிக்குள் போய், ஒருத்தரிடமும் கேட்காமல், ஐந்தாம் நம்பர் ரூம் வாசற்படியில் உட்கார்ந்தாள். புது போர்மேன், யாரும்மா நீ, எந்திரி என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. முதலாளிக்குப் போன் போனது. வெயிலுமுத்து வந்து தூரத்தில் நின்று பார்த்தார், இருக்கட்டும் விடு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் வருவாள், வாசற்படியில் உட்கார்வாள், சாயங்காலம் கடைசி ஆள் வெளியே வந்த பிறகுதான் போவாள். பொம்பளைகள் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். அவள் கையைப் பார்த்துச் சின்னப்பிள்ளைகள் மிரண்டன. அந்த ஊரில் இப்போது அதிசயம் என்றால் அவள் கைதான்.

புரட்டாசி கடைசி வாரத்தில் ஒருநாள் பதினொரு மணிக்குப் புது போர்மேன் பூட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஆபீசர் கேட்டுக்குப் பக்கத்துல வந்துட்டாரு. எந்திரி, கதவச் சாத்தணும்."

"சாத்தக் கூடாது."

"பத்து நிமிசந்தாம்மா. உள்ள இருக்கவுகளுக்கே சம்மதம், கேட்டுப் பாரு."

உள்ளிருந்து பூரணம் கத்தினாள்: "வேலுத்தாயி, என்ன ரவுசு பண்ற? சாத்தட்டும். பத்து நிமிசம் உள்ள இருந்தா செத்தா போவோம்?"

வேலுத்தாய் காலை நிலைக்குக் குறுக்காக நீட்டினாள். வலது கையால் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். போர்மேன் கதவை இழுத்தார், கை நடுவில் சிக்கியது, அவள் எடுக்கவில்லை. ரத்தம் வந்தது. அவர் பயந்துபோய் விட்டுவிட்டார். வெயிலுமுத்து ஆபீஸ் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆபீசரின் ஜீப் உள்ளே வந்துகொண்டிருந்தது, அவர் பூட்டச் சொல்லவும் இல்லை, திறக்கச் சொல்லவும் இல்லை. ஆபீசர் வந்து எண்ணினார். பதினோரு பேர். கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள்.

தீபாவளிக்கு இருபது நாள்தான் இருந்தது. யாருக்கும் வேலை இல்லை, பிள்ளைகளுக்குத் துணி இல்லை. ஊர் வேலுத்தாய் வீட்டு வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றியது. ஒன்றும் நடக்காத இடத்தில் எங்கள் வயிற்றில் அடித்தாளே என்று பூரணம் மார்பில் அறைந்துகொண்டாள். அவள் பக்கத்தில் அவள் மகள் உயிரோடு, எண்ணெய் வைத்துப் பின்னின தலையோடு, ஒன்றும் புரியாமல் நின்றாள். வேலுத்தாய் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள், திட்டு எதுவும் அவள் காதில் ஏறவில்லை. எல்லாரும் போன பிறகு சண்முகக்கனி மட்டும் ஒரு டம்ளரோடு வந்தாள்.

"உனக்கு என்ன கஷ்டமோ எனக்குத் தெரியாதுக்கா. இதக் குடிச்சிரு. ஊரோட சேந்துக்கோ."

இஞ்சி வாசம் தூக்கியது. வேலுத்தாய் டம்ளரை வாங்கி உதட்டுவரைக்கும் கொண்டுபோனாள். களைப்பாக இருந்தது. நாலு வருஷம், ஏழு பேர், ஒருத்தியே சுமப்பதற்கு அது அதிகம். அப்புறம் டம்ளரை மெதுவாகத் தரையில் வைத்து, "பெறகு குடிக்கேன், நீ போ" என்றாள்.

குருவம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தினமும் மத்தியானம் மகளின் தழும்பில் தேங்காய் எண்ணெய் தடவுவது அவள் வழக்கமாகியிருந்தது. மடியில் கையை வைத்து, கதவு நசுக்கின இடத்தை விட்டுவிட்டு, தோளிலிருந்து கீழே கீழே தடவினாள். தினமும் கேட்கிற மாதிரியே இன்றைக்கும் கேட்டாள்:

"இது எப்படித்தா வந்துச்சு?"

வேலுத்தாய் தினமும் சொல்கிற மாதிரியே சொன்னாள். ஒரு ஊரில் ஒரு அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள் என்று தொடங்கி, சின்னவள் தேளைப் பூச்சி என்று எடுத்ததையும், வெங்காயத்துக்கு முறைத்ததையும், பூட்டையும், நழுவின கையையும், காட்டிலிருந்து ஓடிவந்து பழுத்த கதவைப் பிடித்து இழுத்த அந்த அம்மாவையும் ஒன்றும் குறைக்காமல் சொன்னாள். குருவம்மாள் தடவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"அந்தப் பெத்தவ என்ன பாடு பட்டாளோ. இன்னும் உசுரோட இருக்காளாடி?"

"இருக்காகம்மா."

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காக. இப்பல்லாம் நல்லாத் தூங்குறாக."

குருவம்மாள் நம்பாமல் தலையை ஆட்டினாள். "வெளிய அப்படித்தான் தெரியும். உள்ளுக்குள்ள யாரு கண்டா. என்னைய ஒரு நாளைக்கு அவகிட்டக் கூட்டிட்டுப் போ. ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவோம்."

"சரிம்மா" என்றாள் வேலுத்தாய்.

குருவம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெயை ஊற்றினாள்.